லோரிமருக்கு மூன்று தோழர்கள் தேவை

மனிதர்களைப் பற்றி நினியன் லோரிமருக்கு நல்ல அபிப்பிராயம் எப்போதுமே இருந்ததில்லை. ஆண்களைப் பற்றி அறவே கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளப்போகிற ஆண்களைப் பற்றி யாராவது கேட்டால் பதில் சொல்லாமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்கிற விதத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

அந்த அபிப்பிராயம் சும்மா வந்துவிடவில்லை. ஸ்காட்லாந்தில் கர்காடி ஊர் ஹை ஸ்ட்ரீட்டில் மாப்பிள்ளைகளுக்கும் மாப்பிள்ளைத் தோழர்களுக்கும் கில்ட், அதாவது ஆண்கள் கட்டுகிற, மடிப்பு வைத்த கட்டம் போட்ட பாவாடை, வாடகைக்கு விடுகிற கடையில் முப்பத்தொரு வருடமாக அளவெடுப்பவர் அவர்தான். முதலாளி எடின்பரோவில் இருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை வந்து, லோரிமரிடம் நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பிப் போவார். கில்ட்டின் நீளம் சரியா என்று பார்க்க ஒரே வழிதான் உண்டு. உடுத்தியவன் தரையில் முழங்காலிட்டு நிமிர வேண்டும். துணியின் விளிம்பு தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். ஆக, ஊரில் மனைவியோடு நடமாடுகிற ஆண்களில் பாதிப் பேர் ஒரு தடவையாவது லோரிமர் முன்னால் மண்டியிட்டு எழுந்தவர்கள். எங்கள் ஊர் சர்ச்சில் மண்டியிடும் வழக்கம் கிடையாது. அந்தக் குறையை லோரிமர் கடையில் தீர்த்துக்கொண்டோம்.

கில்ட் கட்டுவதில் கஷ்டமான சாஸ்திரம் ஒன்றுமில்லை. தொப்புள் உயரத்தில் கட்ட வேண்டும். கர்காடி ஆணுக்குத் தொப்புள் எங்கே இருக்கிறது என்பது பதினெட்டு வயதோடு மறந்துபோகிறது. ஜீன்ஸ் தொங்குகிற இடத்தில் கட்டிக்கொண்டு, விளிம்பு கெண்டைக்காலில் புரள வந்து நின்று, "இது எனக்குப் பெருசா இருக்கு" என்பான். முன்பக்கம் தட்டையாகவும் மடிப்பெல்லாம் பின்பக்கமும் இருக்க வேண்டும். இதை வாயால் சொல்லி, படம் போட்டுக் காட்டி, அச்சடித்த காகிதத்தையும் பையில் வைத்து அனுப்பினாலும், சனிக்கிழமை காலையில் எவனாவது ஒருவன் வயிற்றில் மடிப்போடு சர்ச் வாசலில் நிற்பான். ஓரத்தில் குத்துகிற ஊக்கு வெறும் அழகுக்கு. மேல்துணியில் மட்டும் குத்த வேண்டும். அடித்துணியையும் சேர்த்துக் குத்திக்கொண்டு, நாள் முழுக்க ஒரு பக்கமாக இழுபட்டுக்கொண்டு நடப்பதுதான் இந்த ஊர் இளைஞர்களின் விருப்பம். இவற்றை லோரிமர் தவறுகள் என்று சொல்வதில்லை. சுபாவம் என்பார்.

அளவு நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இடுப்பு, நீளம், கழுத்து, ஷூ என்று கட்டங்கள் உண்டு. கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'குறிப்பு'. அங்கே மற்றவர்கள் 'வியாழன் வருவார்' என்று எழுதுவார்கள். லோரிமர், 'கோழிக்கால். தடித்த காலுறை கொடுக்கவும்' என்றோ, 'உட்காராமல் பார்த்துக்கொள்ள ஆள் தேவை' என்றோ எழுதுவார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். தலைகீழாக நின்று பார்த்தாலும் படிக்கலாம். மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்ற மாப்பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் படித்தார்கள்.

உதாரணத்துக்கு டாரன் மைகில். குழாய் வேலை செய்கிறவன். நாலு வருடத்துக்கு முன், கல்யாணத்துக்கு உடை பார்க்க மூன்று தோழர்களோடு வந்தான். நாலு பேர் கையிலும் நாலு சாசேஜ் ரோல். டாரன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். கத்தரிப்பூ நிறத்தில் சாம்பல் கட்டம். கில்ட்டின் கட்டம் குலத்துக்குக் குலம் வேறு.

"இது எந்தக் குலத்தோட கட்டம்?" என்று கேட்டார் லோரிமர்.

"குலமெல்லாம் இல்ல சார். மேஜ விரிப்பு இந்தக் கலரு. நாப்கினும் இந்தக் கலரு. அதுக்கு மேட்ச்சா இருக்கணும்னு அவ சொல்றா."

"அப்ப நீ மாப்பிள்ளையா, மேஜையா?"

தோழர்கள் சிரித்தார்கள். டாரனும் சிரித்தான், பாவம், அப்போது அவனுக்குச் சிரிக்கத் தோன்றியது.

"இடுப்பு?"

"முப்பத்திரெண்டு."

"அது உன் வயசு. நான் இடுப்பக் கேட்டேன்."

நாடா முப்பத்தெட்டு என்றது. மண்டியிடச் சொன்னார். மண்டியிட்டவனைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்து, "எனக்கு உன்மேல வருத்தம் இல்ல தம்பி. அந்தத் துணியை நெனச்சாத்தான் பாவமா இருக்கு. அது நல்ல குடும்பத்து ஆட்டு ரோமம்" என்றார்.

இதெல்லாம் தொழில் தர்மம் என்று லோரிமர் மனப்பூர்வமாக நம்பினார். சொல்ல வேண்டியதைச் சொல்கிற ஒருவர் ஊருக்கு வேண்டும். அந்தப் பாரத்தைக் கேட்காமலே அவர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். ஐம்பத்தாறு வயதுவரை யாரும் அதை இறக்கி வைக்கச் சொல்லவில்லை. அருகில் வந்தால்தானே சொல்வதற்கு.

அருகில் வந்தது நெட்டா கெய்ர்ன்கிராஸ். கடைக்கு நேர் எதிரே பேக்கரி. நெட்டா அங்கே பத்தொன்பது வருடமாகக் கல்லாவில் இருக்கிறார். கணவர் இறந்து எட்டு வருடம் ஆகிறது. மதியம் பன்னிரண்டரைக்கு லோரிமர் சாலையைக் கடந்து போய், மக்ரோனியும் சீஸும் அடைத்துச் சுட்ட மாவுப் பண்டமான மக்ரோனி பை ஒன்று வாங்குவார். வாங்கிய கையோடு அதைப் பற்றிப் புகார் சொல்வார். ஓரம் கருகியிருக்கிறது, சீஸ் குறைந்திருக்கிறது, போன வாரத்தைவிட விரற்கடை ஆழம் குறைந்திருக்கிறது.

"பை அப்படியேதான் இருக்கு நினியன். உன் வாய்தான் அகலமாயிட்டு வருது," என்றார் நெட்டா ஒருநாள்.

அதுவரை லோரிமரிடம் இப்படி யாரும் பதில் பேசியதில்லை. மறுநாள் இரண்டு பை வாங்கினார். நாலு வருடம் இப்படிப் போயிற்று. போன பிப்ரவரியில், கடலிலிருந்து மழை படுக்கைவாட்டில் அடித்துக்கொண்டிருந்த ஒரு மதியம், கல்லாவுக்கு முன் நின்று, "உன்னைவிட மோசமான ஆளுங்களோட எல்லாம் ஜனங்க குடும்பம் நடத்திட்டிருக்காங்க. நாம நடத்தினா என்ன?" என்றார்.

"எங்கிட்ட இதுவரைக்கும் மூணு பேர் கேட்டிருக்காங்க. இதுதான் இருக்கறதுலயே மட்டம்," என்றார் நெட்டா. "சரி."

ஜூன் முதல் சனிக்கிழமை என்று முடிவாயிற்று. லோரிமர் அன்று மாலையே வேலையைத் தொடங்கினார். ஊரில் நடக்கிற மற்றக் கல்யாணங்கள் எல்லாம் எப்படி நடந்திருக்க வேண்டும் என்பதற்கு ஒரு முன்மாதிரி வைக்கும் வாய்ப்பு அல்லவா? கரும்பச்சையில் நீலம் ஓடிய கட்டம். அதிகம் வெளியே போகாத நாலு கில்ட். கறுப்புக் கோட்டு, வெள்ளிப் பொத்தான். முன்னால் தொங்கவிடும் பை எளிய கறுப்புத் தோலில். ரோமம் வைத்தது நாய்க்குட்டியை இடுப்பில் கட்டியது போல இருக்கும் என்பது அவர் கட்சி. பழுப்பு வெள்ளைக் காலுறை. அதில் செருகுகிற சின்னக் கத்தி, கொம்புப் பிடி போட்டது. மாப்பிள்ளைக்கு ஒன்று, தோழர்களுக்கு மூன்று என்று நாலு உடையையும் வரிசையாகத் தொங்கவிட்டு, எட்டடி தள்ளி நின்று பார்த்தார். அப்படி ஒரு ஒழுங்கு. குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே ஆட்கள் இல்லாததால் இன்னும் நன்றாக இருந்தது.

ஏப்ரல் முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, நெட்டா பார்க்க வந்தார். மணப்பெண்களின் அம்மாக்கள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தார். நாலு உடையையும் நிதானமாகப் பார்த்தார்.

"நல்லா இருக்கு. யாரு போடப்போறா?"

"ஒண்ணு நான்."

"அது தெரியுது. பாக்கி மூணு?"

"தோழர்களுக்கு."

"யாருன்னு கேட்டேன்."

லோரிமர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது ஒரு சின்ன விவரம். பாத்துக்கலாம்."

நெட்டாவுக்கு மூன்று தங்கைகள். மூன்று பேரும் மணப்பெண் தோழிகள். கல்யாணம் முடிந்ததும் ஒவ்வொரு தோழியும் ஒரு தோழனின் கையைப் பிடித்துக்கொண்டு நடுப்பாதையில் வெளியே நடந்து வர வேண்டும். அதைத்தான் ஊர் பார்க்க வருகிறது.

"என் தங்கச்சிங்க ஆளுக்கு ஒரு கையைப் புடிச்சிக்கிட்டு வரணும் நினியன். கோட்டுக் கையை இல்ல. உள்ள ஒரு கை இருக்கணும்."

"கெடைப்பாங்க."

"இங்க பாரு. அம்பத்தாறு வருஷம் ஒரே ஊர்ல இருந்துட்டு, உன்கூட நிக்க மூணு ஆம்பள வரமாட்டேங்கறாங்கன்னா, ஊருக்கே தெரிஞ்ச ஏதோ ஒண்ணு எனக்கு மட்டும் தெரியலன்னு அர்த்தம். அது தெரியாம நான் கட்டிக்க முடியாது." நெட்டா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். "உங்க கடையில எட்டு வாரத்துக்கு முன்னாடி பேரும் அளவும் குடுக்கணும்னு நீயே எழுதி ஒட்டியிருக்க. அது இந்தச் சனிக்கிழமை. பன்னெண்டு மணிக்கு வர்றேன். மூணு பேரு நிக்கணும். அதுல ஒருத்தன் மோதிரத்த வச்சிக்கட்டும். இல்லன்னா இந்தப் பேச்ச இத்தோட விட்ருவோம். பை வாங்க நீ எப்பவும் போல வரலாம், அது வேற."

விளையாட்டாகச் சொல்கிறவர் கதவை அவ்வளவு மெதுவாகச் சாத்திவிட்டுப் போகமாட்டார். லோரிமர் நாலு உடையையும் பார்த்தபடி நின்றார். அந்தப் பேக்கரிக் கதவைத் தவிர, போவதற்கு இந்த ஊரில் தனக்கு வேறு கதவு இல்லை என்பது அவருக்குத் தெரியும். அதை அவர் எந்த நோட்டிலும் குறித்து வைத்ததில்லை.

உறவில் யாரும் இல்லை. நண்பர் என்று சொல்லிக்கொள்ள ஒருவரைத் தேடினார். நெற்றியைத் தடவித் தடவிப் பார்த்தும் ஒரு பெயரும் வரவில்லை. அதனால் தனக்குத் தெரிந்த முறையிலேயே தேடினார். அளவு நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, முப்பத்தொரு வருடத்து ஆண்களில் அந்த மூன்று கரும்பச்சைக் கில்ட்டுக்கும் பொருந்துகிறவர்கள் யார் என்று பார்த்தார். போட்டோவில் மூன்று விளிம்பும் ஒரே கோட்டில் நிற்க வேண்டுமானால் மூன்று பேரும் ஒரே உயரம் இருக்க வேண்டும். கெண்டைக்கால் காலுறையைத் தாங்க வேண்டும். உயிரோடு இருக்க வேண்டும், ஊரில் இருக்க வேண்டும். இப்படி வடிகட்டியதில் மூன்று பேர் தேறினார்கள். டாரன் மைகில். பஸ் ஓட்டுகிற டூகல் ஹெய்க், இவர் லோரிமரோடு பள்ளியில் படித்தவர். உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிற லுடோவிக் டெனன்ட். அவர்களுக்கும் தனக்கும் ஆகுமா என்பதற்கு நோட்டில் கட்டம் இல்லை.

டாரன் ஒரு வீட்டுச் சமையலறையில், தொட்டிக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு கிடந்தான். லோரிமர் விஷயத்தை அவன் காலிடம் சொன்னார்.

தலை வெளியே வந்தது. "நானா?"

"நீதான்."

"என்னைய எதுக்கு?"

சாதாரண மனிதன் இந்த இடத்தில் ஒரு பொய் சொல்வான். "உன் கெண்டைக்கால்," என்றார் லோரிமர். "வேற யோசிக்கல."

"சார், அன்னைக்குத் துணிமேல பாவமா இருக்குன்னீங்க. அதுக்கப்புறம் கல்யாண மேடையில எம்பொண்டாட்டி மூஞ்சியப் பாக்க முடியல எனக்கு. துணியையே பாத்துக்கிட்டு நின்னேன். போட்டோ எல்லாத்துலயும் குனிஞ்சிருக்கேன். கீழ காசு விழுந்த மாதிரி."

"துணி தப்பிச்சுது. வாடகைக்கு இன்னும் போயிட்டுத்தான் இருக்கு."

டாரன் தலையை மறுபடி தொட்டிக்குக் கீழே விட்டுக்கொண்டான். அதுதான் பதில்.

டூகலைப் பிடிக்க லோரிமர் ஏழாம் நம்பர் பஸ்ஸில் ஏறி ஓட்டுநருக்குப் பின்னால் நின்றார்.

"டேய் டூகல், ஜூன் முதல் சனிக்கிழமை லீவு போட முடியுமா?"

"எதுக்கு?"

"என் கல்யாணம். நீ தோழன்."

டூகல் பஸ்ஸை நிறுத்தவில்லை. நிறுத்தம் வந்ததால் நின்றது. "என் கல்யாணத்துக்கு உன் நோட்டுல என்னடா எழுதின? நான் படிச்சேன். 'கொடிக்கம்பத்தில் ஈரத்துணி'ன்னு எழுதியிருந்த. இருபத்தெட்டு வருஷமாச்சு. இன்னைக்கும் காத்தடிச்சா எம்பொண்டாட்டி அதச் சொல்லிச் சிரிக்கிறா."

"இப்ப சதை போட்டிருக்க. கொடிக்கம்பம்னு சொல்ல முடியாது."

பஸ்ஸில் இருந்த பதினோரு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின. "எறங்குடா," என்றார் டூகல். இறங்க வேண்டிய இடத்துக்கு இன்னும் நாலு நிறுத்தம் இருந்தது. லோரிமர் மழையில் நடந்தார்.

லுடோவிக் படித்தவர், மறுக்கவில்லை. பள்ளி வாசலில் நின்று, ஒன்பது வருடத்துக்கு முன் மார்ச் பதினாலாம் தேதி லோரிமர் தம்மிடம் சொன்ன வாக்கியத்தை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார். அது அவருடைய முழங்கால்களைப் பற்றியது. "யோசிச்சுச் சொல்றேன் மிஸ்டர் லோரிமர்," என்று முடித்தார். கேட்டைச் சாத்திய விதத்தில் யோசனை முடிந்துவிட்டது தெரிந்தது.

சனிக்கிழமை காலை கடையைத் திறந்தபோது லோரிமர் சவரம் செய்திருந்தார். கழுத்தில் இரண்டு இடத்தில் வெட்டு. பத்தரை மணிக்கு, நாலு உடைகளில் மூன்றை எடுத்து உள்ளே வைத்துவிடலாமா என்று யோசித்தார். எதிர்க்கடையில் நெட்டா ஒரு பாட்டிக்கு ரொட்டி கட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பதினோரு மணிக்குக் கதவு மணி அடித்தது. டாரன், டூகல், லுடோவிக் மூன்று பேரும் வரிசையாக உள்ளே வந்தார்கள். முந்தைய நாள் மாலை மதுக்கடையில் டாரன் தன் கதையைச் சொல்ல, டூகல் தன் கதையைச் சொல்ல, பக்கத்து மேஜையிலிருந்து லுடோவிக் தன் கதையைத் தேதியோடு சொல்ல, மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. இரக்கம் என்று யாரும் தப்பாக எண்ணிவிடக் கூடாது. அது அவர்கள் மூவரிடமும் ஒரு சிட்டிகைகூட இல்லை. ஊரில் எவனுக்கும் கிடைக்காத ஒரு காட்சி தங்களுக்குக் கிடைக்கும் என்பதைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

"நிக்கிறோம்," என்றார் டூகல். "ஒரு நிபந்தனை. உடைய நாங்க பாத்துக்கறோம். எங்களுக்கு, உனக்கு, எல்லாத்துக்கும். பன்னெண்டு அடிக்கிற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது. ஒரு வார்த்த வந்துச்சுன்னா மூணு பேரும் போயிட்டே இருப்போம்."

"ம்முனு ஒரு சத்தம் வந்தாக்கூட," என்றான் டாரன்.

"மூக்கால விடற சத்தமும் அதுல சேரும். கண்ணாடிய வேற தொடைக்கக் கூடாது, மிஸ்டர் லோரிமர்," என்றார் லுடோவிக். அவர் தேர்வுத் தாள் தயாரிக்கிறவர், ஓட்டை விடமாட்டார்.

லோரிமர் எதிரே பேக்கரிச் சன்னலைப் பார்த்தார். தலையசைத்தார்.

முதலில் கரும்பச்சையை ஒதுக்கினார்கள். "இது பாதிரியாருக்கு எடுத்த மாதிரி இருக்கு," என்றான் டாரன். பின்னறைக்குப் போய், கடைசி வரிசையிலிருந்து ஒரு மஞ்சள் கட்டத்தில் நாலு கில்ட்டைத் தூக்கி வந்தார்கள். கடுகு மஞ்சள், அதில் தடித்த கறுப்புக் கோடு. பல வருடத்தில் அதை ஒரு நாடகக் குழு இரண்டு தடவை எடுத்திருந்தது. வேறு மனிதர் தொட்டதில்லை. லோரிமரின் கை மூக்குக் கண்ணாடி வரைக்கும் போய்த் திரும்பியது. அவ்வளவுதான்.

பிறகு உடுத்திக்கொள்ளத் தொடங்கினார்கள். டாரன் கில்ட்டைத் தொப்புளிலிருந்து ஒரு சாண் கீழே இறக்கிக் கட்டினான். இறக்கிவிட்டு லோரிமரைப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் இறக்கினான். டூகல் மடிப்புகளை வயிற்றுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக நீவி விட்டார். லுடோவிக் ஊக்கை எடுத்து மேல்துணி, அடித்துணி இரண்டையும் சேர்த்துக் குத்தினார். குத்தியது போதாதென்று நடந்தும் காட்டினார். ஷூ நாடாவைக் கணுக்காலில் சுற்றிக் கட்டுவதற்குப் பதிலாக முழங்கால்வரை சுற்றினார்கள், தபாலில் அனுப்புகிற பொட்டலம் மாதிரி. ரோமப் பையை ஒருவன் இடுப்புக்குப் பின்னால் தொங்கவிட்டான். காலுறைக் கத்தியை டாரன் காதில் செருகப் பார்த்தான். அது மட்டும் நிற்கவில்லை.

"எப்படி இருக்கு?" என்று டூகல் கண்ணாடி முன் திரும்பினார். "கொடிக்கம்பம் தெரியுதா?"

முப்பத்தொரு வருடத்துச் சொற்கள் லோரிமரின் வாய்க்குள் வந்து நின்றன. பொருத்தமான சொற்கள், சில அப்போதுதான் பிறந்தவை, அவருடைய ஆயுளிலேயே மிகச் சிறந்தவை. அவற்றை ஒவ்வொன்றாக விழுங்கினார். முகம் முதலில் சிவந்து, பிறகு வேக வைத்த இறைச்சியின் நிறத்துக்கு வந்தது. மணி பதினொன்றே முக்கால்.

"இப்ப மாப்பிள்ளை," என்றான் டாரன். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டான். "இடுப்பு எவ்வளவு சார்? பேச வேண்டாம். வெரலக் காட்டுங்க."

லோரிமர் மூன்று விரலைக் காட்டினார்; பிறகு ஆறு. டாரன் நாடாவைச் சுற்றி இழுத்தான். மூன்று பேரும் குனிந்து படித்தார்கள். நாற்பத்தொன்று.

லுடோவிக் அந்த எண்ணைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டார்.

நாலாவது மஞ்சள் கில்ட்டை அவர் இடுப்பில் சுற்றிக் கட்டினார்கள். "மண்டி போடுங்க," என்றான் டாரன்.

லோரிமர் கடை விரிப்பில் முழங்காலிட்டார். அந்தக் கோணத்திலிருந்து தன் கடையை அவர் பார்த்ததே கிடையாது. எல்லாம் உயரமாக இருந்தது. சாயம் போன ஒரு மூலையும், மேஜைக்கு அடியில் எவனோ தின்று போட்ட சாசேஜ் ரோல் காகிதமும் தெரிந்தன. மேஜை விளிம்புக்கு மேலே நோட்டு வைக்கிற சாய்வுப் பலகையின் அடிப்பக்கம் தெரிந்தது. அதற்கு மேல் ஆட்களின் தாடை. டாரன் அவரைச் சுற்றி ஒருமுறை மெதுவாக நடந்தான். என்ன சொல்வதென்று நாலு வருடமாக யோசித்து வைத்திருந்தான் போல. நின்றான். வாயைத் திறந்தான். பிறகு, "நீளம் சரியா இருக்கு," என்று மட்டும் சொல்லி, கையிலிருந்த ஊக்கை மேஜையில் வைத்துவிட்டான். அதை எவ்வளவு பெரிய அவமானமாக எடுத்துக்கொள்வது என்று லோரிமருக்குப் புரியவில்லை.

அப்போது கதவு மணி அடித்தது. நெட்டா. கையில் பேக்கரிப் பெட்டி. பன்னிரண்டுக்கு இன்னும் இரண்டு நிமிடம்.

கடுகு மஞ்சளில் மூன்று பேர். தரையில் அதே மஞ்சளில், உதட்டை இறுக்கி, கண் பிதுங்க, மாப்பிள்ளை. நெட்டா பெட்டியை மேஜையில் வைத்தார்.

"இவனுக்கு என்ன ஆச்சு? வலிப்பா?"

"பேசக் கூடாதுன்னு ஒப்பந்தம்," என்றார் டூகல். "பன்னெண்டு வரைக்கும்."

"எத்தன நேரமா?"

"ஒரு மணி நேரமா."

நெட்டா லோரிமரை உற்றுப் பார்த்தார். நாலு வருடமாகப் பை வாங்கியும் லோரிமர் கண்டிராத ஒரு பார்வை அது. ஆனால் அதில் நெடுநேரம் தங்கவில்லை. அடுத்தபடி மூவர் பக்கம் திரும்பினார்.

"இவன் வாயக் கட்டிட்டீங்க, சரி. என் வாயக் கட்டலையே. டாரன், அத மேல தூக்கு. உங்கம்மா உனக்குத் தொட்டில்ல கட்டினத இன்னுமா கழட்டல? டூகல் ஹெய்க், அந்த மடிப்பப் பின்னாடி தள்ளு. வயித்துல எதுக்கு மடிப்பு, அங்க ஏற்கெனவே மூணு இருக்கு. நீங்க படிச்சவரு தானே, வாத்தியாரே? ஊக்குக் குத்தின கோழி மாதிரி நடக்கறீங்க. எம் மூணு தங்கச்சியும் இந்தக் கோலத்தப் பாத்தா சர்ச்சு பின்வாசல் வழியா ஓடிருவாங்க."

மூன்று பேரும் சரிசெய்துகொண்டார்கள். முணுமுணுப்புகூட இல்லை. லோரிமர் எத்தனையோ வருடமாகச் சொல்லிவந்ததைத்தான் நெட்டாவும் சொன்னார். இன்னும் கூர்மையாகவே சொன்னார். அவர்கள் ஏன் சிரித்துக்கொண்டு கேட்டார்கள் என்பது மண்டியிட்டிருந்தவருக்கு விளங்கவே இல்லை.

நெட்டா தள்ளி நின்று பார்த்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு," என்று விரல் விட்டார். "சரி, நினியன். ஜூன் முதல் சனிக்கிழமை. எந்திரி."

லோரிமர் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"கலர் நல்லா இருக்கு," என்றார் நெட்டா. "மழை பெஞ்சாலும் போட்டோவுல தெரியும். இதையே வச்சுக்கலாம்."

லோரிமரின் வாய் திறந்தது. டூகல் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினார். வாய் மூடிக்கொண்டது. ஊர் மண்டபக் கடிகாரம் பன்னிரண்டு அடித்து முடிக்கிறவரை கரும்பச்சை உடைகள் நாலும் சுவரோரம் தொங்கின, அவரை யாரும் கேட்காமலே மஞ்சள் முடிவாயிற்று.

"இப்ப பேசலாம்," என்றான் டாரன்.

லோரிமர் பேசினார். மஞ்சளில் தொடங்கினார். கடுகு என்பது உணவுக்குப் பக்கத்தில் வைக்கிற பொருள், உடம்பில் சுற்றுகிறது அல்ல என்றார். டாரனின் தொப்புளுக்கு வந்தார். அங்கிருந்து டூகலின் வயிறு, லுடோவிக்கின் நடை, முழங்கால், குழாய் வேலைக்காரர்கள், பஸ்ஸுகள், வேதியியல், பொதுவாக ஆண் குலம், அது இதுவரை பிழைத்திருப்பதன் அநியாயம் என்று போய்க்கொண்டே இருந்தார். நெட்டா பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு மக்ரோனி பை கொடுத்தார். மூன்று பேரும் மஞ்சள் உடையோடு, பெண்ணின் அம்மாக்கள் உட்காருகிற நாற்காலிகளில் உட்கார்ந்து தின்றார்கள். இருபது நிமிடம் ஆயிற்று. அரைமணி ஆயிற்று. ஒருவரும் எழுந்து போகவில்லை.

"கொஞ்சம் இருங்க சார்," என்றான் டாரன், வாய் நிறையப் பையோடு. "வாத்தியாரோட முழங்காலப் பத்தி என்னமோ சொன்னீங்களே. எனக்குச் சரியா காதுல விழல. மொதல்லேர்ந்து சொல்லுங்க."